எலி மட்டும் மிஞ்சிய புத்தகம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். படிப்பைப் பாதியில் விட்டவள் என்றாலும் எழுத்து முத்து முத்தாக வருகிறது, வாயைத் திறந்தால்தான் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம். இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், அதட்டித்தான் எழுத வைத்தேன். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, மறுபடியும் லாரி ஷெட்டுக்குப் போகிறார்.

போன வாரம் போனில் உன்னிடம் வெடுக்கென்று பேசிவிட்டேன். உன்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண் குடியிருக்கும் கட்டடத்தை அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள், குளிர் முடியும்வரை அவள் உன் அறையில் தங்கட்டுமா என்று கேட்டாய். "யாரு எவருன்னே தெரியாது, ஒண்டியா இருக்கிற உனக்கு எதுக்குடி இந்த வம்பு" என்றேன். நீ சரிம்மா என்று மட்டும் சொன்னாய். அந்தச் சரிம்மா எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது.

நானும் தங்கையும் போகிற பைண்டிங் பட்டறைக்குப் பிள்ளைகளின் படப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. எழுத்தே கிடையாது, எல்லாம் படம்தான். பனி கொட்டுகிறது, ஒரு மரப்பொந்துக்குள் எலி தனியாக உட்கார்ந்திருக்கிறது, அடுத்த தாளில் முயல் வருகிறது, பிறகு நரி, கடைசியில் கரடி, எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. நரி முயலை விட்டுவைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். தங்கை என்ன செய்தாள் என்றால் தாள்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கிவிட்டாள், நானும் கவனிக்காமல் பின் அடித்துக்கொண்டே போனேன். சூப்பர்வைசர் அக்கா ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "என்ன தங்கச்சி, எலிக்குக் கூட்டம் ஆகலையா? ஒவ்வொருத்தரா வெளியே தள்ளிட்டியே!" என்றார். பார்த்தால் அப்படியேதான் இருந்தது. முதல் படத்தில் எல்லாம் கூடித் தூங்குகின்றன, அப்புறம் கரடி இல்லை, நரி இல்லை, முயலும் இல்லை, கடைசிப் படத்தில் அவ்வளவு பெரிய பொந்தில் எலி மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. பட்டறையே சிரித்தது, நானும் சிரித்தேன். தங்கை மட்டும் தலை நிமிராமல் பின்களைப் பிரித்துச் சரியாக அடுக்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளாகவே வாயைத் திறந்தாள். "அக்கா ரூம் எவ்வளவு நேரமானாலும் சூடாகவே மாட்டேங்குதாமேம்மா" என்றாள். நீ அவளிடம் சொன்னது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வேண்டாம் என்றேன். சொன்னதை மாற்றிச் சொல்லப் போனில் வாய் வராது, அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பெண் உன் அறைக்கு வரட்டும். பாத்திரம் யார் கழுவுவது, விளக்கை எப்போது அணைப்பது என்பதை எல்லாம் முதல் நாளே பேசிவிடு, புத்தகத்துக் கரடிக்கு அந்தத் தொல்லை இல்லை. கோபம் வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, உன்னைப் பெற்றவள் நான் பொறுத்துக்கொண்டேன், அவள் எதற்குப் பொறுக்க வேண்டும்? இரண்டு பேரும் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

ஒரு குறையும் இல்லாமல் நல்லபடி இரு, என் கண்ணே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்ததும் முதலில் எனக்குப் போன் செய்யாதே. அந்தப் பெண்ணுக்கும் எங்கேயோ ஓர் அம்மா இருப்பாள், இடம் கிடைத்துவிட்டது என்று அவளிடம் பேசச் சொல். அந்த அம்மா தூங்கட்டும், அப்புறம் என்னிடம் பேசலாம்.

உன் அம்மா
(கையெழுத்து மட்டும் என்னுடையது)