வாடையில் வெந்நீர்

நாள் 212, காலை
உலைக்கூடம், வாடை பனிக்கோள். பதிபவர்: கோகிலவாணி, உலைப் பொறியாளர்.

உலை சீராக ஓடுகிறது. போகும் குழாயில் 82 டிகிரி, திரும்பும் குழாயில் 61. கதிர்வீச்சு இருப்பதால் உலையை வீட்டோடு வைக்க முடியாது. அரை மணி நடை தள்ளி இந்தக் கூடத்தில் இருக்கிறது. உறைதடுப்பு திரவம் இங்கே சூடாகி, பனிக்கடியில் புதைத்த குழாய் வழியே வீட்டுக்குப் போய்த் திரும்பும். வீட்டில் இரண்டே பேர். என் தங்கை மரகதம், நிறைமாதம். அவள் கணவர் சென்னியப்பன், பயிர்க்கூடம் பார்ப்பவர், மனைவியின் அக்கா என்பதால் என்னை நங்கையா என்று கூப்பிடுபவர்.

திரவத்தின் சூட்டை வீட்டுத் தண்ணீருக்கு ஏற்றும் வெப்பமாற்றி நேற்று அடைத்துக்கொண்டு செத்துவிட்டது. கிடங்கில் மாற்று இரண்டு உண்டு. ஒன்று காயில் எனும் சுருள்குழாய், இரட்டைச் சுவர். திரவமும் தண்ணீரும் கலக்கவே கலக்காது, ஆனால் ஒரு வாளி சூடாவதற்குள் உயிர் போய்விடும். மற்றது பிளேட். திறந்தவுடன் கொதிக்கக் கொதிக்க வரும். நடுவில் ஒரே ஒரு மெல்லிய தகடுதான். திரவமோ விஷம். இன்று முடிவு செய்ய வேண்டும்.

நாள் 212, மதியம்
நாலு தடவை கணக்குப் போட்டுவிட்டேன். உட்கார்ந்து போட முடியவில்லை, நடந்துகொண்டே போட்டேன்.

பிளேட்தான். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்ற வேண்டும், காயில் அதற்கு ஈடு கொடுக்காது. கையேடு இரட்டைச் சுவர் போடு என்கிறது. கையேடு எழுதியவன் பிள்ளைப்பேறு பார்த்தவனாகத் தெரியவில்லை. தவிர, வீட்டு மோட்டார் தண்ணீரை நல்ல அழுத்தத்தில் தள்ளுகிறது. தகட்டில் கீறல் விழுந்தாலும் தண்ணீர்தான் என் பக்கம் வரும், என் திரவம் அங்கே போகாது. அந்தக் குழாய் குளிக்க மட்டும்தான். குடிக்கத் தனிக் குழாய் இருக்கிறது, பயிருக்குப் போகும் அதே பச்சைத்தண்ணீர்.

நாள் 214, மாலை
பொருத்திவிட்டேன். மரகதம் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, சுடுகிறது என்று சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

புயல் எச்சரிக்கை வந்தது. புயலில் உலையைத் தனியே விடக்கூடாது என்பது விதி. அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு உலைக்கூடத்துக்கு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வந்துவிட்டேன்.

நாள் 216, காலை
புயல் ஓயவில்லை. பனி ஏறி ஒலிபரப்பி முறிந்துவிட்டது. வீட்டிலிருந்து பேசுவது கேட்கிறது, நான் பேசுவது போவதில்லை. வந்த செய்தி:

"நங்கையா, உங்க சத்தத்தையே காணமே. உலை ஓடறதால நீங்க நல்லாத்தான் இருக்கறீங்கன்னு நெனச்சுக்கறோமுங்க. இங்க வெளிக்கதவ உள்ளாற பூட்டிப்போட்டோம். அப்பறம், அந்த மோட்டார் சத்தத்துல மரகதத்துக்குத் தூக்கமே வர்லீங்க. அதான் மோட்டார நிறுத்திப்போட்டு மேல் டேங்க்ல இருந்து எறக்கிக்கறேன்."

நல்ல மனிதர். தூங்கட்டும்.

நாள் 217, மதியம்
உலைத் தொட்டியில் திரவ மட்டம் இறங்குகிறது. எங்கோ ஒழுகல். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குழாய் புதைத்த தடத்தில் கயிறு எட்டிய வரை போய்ப் பார்த்தேன். ஈரம் இல்லை, ஆவி இல்லை. திரும்பி வந்து ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடக்கிறது. மட்டம் இறங்கியபடியே இருக்கிறது. எரிச்சலில் திருகுசாவியை வீசி எறிந்தேன். அதைத் தேடி எடுக்க அரை மணி ஆயிற்று.

நாள் 218, காலை
வந்த செய்தி:

"நங்கையா, மரகதத்துக்கு ரெண்டு நாளா ஒரே வாந்தி. தலை சுத்துதுங்குது, கொளறிக் கொளறிப் பேசுது. வலி வர்றதுக்கு முன்னால அப்படித்தான் இருக்கும்னு சொல்லுவாங்கல்லங்க. புயல்ல கரண்ட மிச்சம் புடிக்கோணும், கெட்டில் போடக்கூடாதுன்னு போவறப்ப சொன்னீங்க, அதனால குளிக்கற கொழாய்லயே சுடுதண்ணி புடிச்சுக் குடுக்கறேன். நல்லா இனிக்குதுங்க. கேட்டுக் கேட்டுக் குடிக்குது. நான் பயிருக்குப் பாயற பச்சத்தண்ணியே குடிச்சுக்கறேன், அது அவளுக்கு இருக்கட்டும்."

ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டேன். திரவத்துக்கு நிறம் இல்லை, வாடை இல்லை, இனிப்பு மட்டும் உண்டு. தகடு கீறியிருக்கிறது. மோட்டார் நின்றதும் தண்ணீரின் அழுத்தம் போய்விட்டது. என் திரவம் வீட்டுக்குள் போகிறது.

தும்மினாலே வெந்நீர் குடிக்கிற குடும்பம் எங்களுடையது. நிறைமாதக்காரிக்கு யாராவது பல் கூசும் தண்ணீரைக் கொடுப்பார்களா? குளிக்க மட்டும் என்று நான் குழாயில் சீட்டு ஒட்டினேனாம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நாள் 218, மதியம்
ஒலிபரப்பியைப் பிரித்தேன். உயிர் வரவில்லை. வெளியே இறங்கிப் பார்த்தேன், காற்று ஆளையே தூக்குகிறது. திரவத்தைத் தள்ளும் உலைப் பம்பை நிறுத்தி, ஓட்டி, நிறுத்தி, ஓட்டிப் பார்த்தேன். அவருக்கு ஏதாவது புரிய வேண்டுமே. வந்த செய்தி:

"கொழாய்ல காத்து அடைச்சிருக்குதாட்ட இருக்குதுங்க நங்கையா, சூடு விட்டு விட்டு வருது. பரவால்லீங்க, நீங்க சிரமப்படாதீங்க."

வீட்டு மருந்துப்பெட்டியில் இதற்கு முறிவு ஊசி இருக்கிறது, இரண்டாவது தட்டில். அது எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாள் 218, மாலை
வந்த செய்தி:

"நங்கையா, பொறந்துருச்சுங்க. அம்மிணி. பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. மரகதம் ரொம்ப அசந்து கெடக்குது, அவ்வளவுதான்."

அழுதேன். நின்றுகொண்டே அழுதேன். ஒரு நிமிடம் மற்ற எல்லாம் மறந்துபோயிற்று, அதை ஏன் மறைக்க வேண்டும்.

உடனே அடுத்தது வந்தது:

"நீங்கதான் சேனை வெக்கோணும்னு மரகதம் ஒத்தக்கால்ல நிக்குது. பால் குடுக்கறதுக்கு முன்னால வெச்சாகோணும். நீங்க வர முடியாது, சர்க்கரையும் தீந்துபோச்சு. அப்பறம் மரகதமே ஒரு ரோசனை சொல்லுச்சுங்க. இந்தத் தண்ணி நீங்க காய்ச்சி அனுப்பறதுதானே, இனிப்பாவும் இருக்குது. இதையே வெச்சா உங்க கையால வெச்ச மாதிரின்னு. கொஞ்ச நேரம் போவட்டும், வெக்கறேன்."

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் பிடித்தவர்களைத்தான் வைக்கச் சொல்வார்கள். மரகதம் என்னைச் சொல்லியிருக்கிறாள்.

அதே மாலை, சற்றுக் கழித்து
பம்பை முழுதாக நிறுத்திவிட்டேன். வீடு குளிரும். பிறந்த குழந்தை இருக்கிற வீடு. தெரிந்தே செய்கிறேன். வெந்நீர் வராவிட்டால் வைக்க மாட்டார். பயந்துபோய் ஏதாவது தப்பு என்று யோசிப்பார், குழாயடிக்குப் போய்ப் பார்ப்பார்.

வந்த செய்தி:

"நங்கையா, சூடு நின்னுருச்சு. உங்களுக்கு ஒண்ணுமில்லையே? இங்க கம்பளி இருக்குதுங்க, கவலைப்படாதீங்க. தண்ணிய நல்லவேளை பிளாஸ்க்ல ரொப்பி வெச்சிருக்கறேன். சேனைக்கும் ஆச்சு, மரகதத்துக்கு இன்னிக்கு முச்சூடும் ஆச்சு."

பம்பை மறுபடி ஓட்டிவிட்டேன். குளிராவது வேண்டாம்.

நடக்கப் போகிறேன். வழி தவறாமல் பிடித்து நடக்க வீடு வரை கட்டிய கயிறு இருந்தால் அரை மணி. அறுந்திருந்தால் தெரியவில்லை. உடையின் சூடு இந்தக் காற்றில் அவ்வளவு நேரம் தாங்குமா என்பதும் தெரியவில்லை. புயலில் உலையை விட்டு வெளியே போவது விதிமீறல், எழுதிக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் வழியில் கிடந்தால் என்னைத் தாண்டிப் போங்கள். வீட்டுக்குப் போங்கள். மருந்துப்பெட்டி, இரண்டாவது தட்டு, நீல மூடி. தாய்க்கு முதலில். குழந்தைக்கு எடை பார்த்து. குழாயைத் தொட வேண்டாம் என்று அந்த மனிதரிடம் சொல்லுங்கள், அவரைத் திட்டாதீர்கள். வெப்பமாற்றியைத் தேர்ந்தெடுத்தது நான். கையுறை போட்டாகிவிட்டது, இனி எழுத வரா

நாள் 218, இரவு
பதிபவர் இல்லை. வந்த செய்தி தானாகப் பதிவானது:

"நங்கையா, கேட்டுட்டு இருக்கறீங்களா? மரகதம் கண்ணத் தொறக்க மாட்டேங்குது, தூங்கட்டும்னு விட்டுட்டேன். அம்மிணி பசியில கத்துது. சரி, சேனைய வெச்சுப்போடலாம்னு ஒக்காந்துட்டேன். உங்க பேரச் சொல்லித்தான் வெக்கறேன், கேட்டுக்குங்க.

"இருங்க. வெளிக்கதவத் தட்டறாப்பல இருக்குது.

"காத்தாத்தான் இருக்கும். இந்தப் புயல்ல யாரு வருவாங்க.

"விடாம அடிக்குதுங்க இந்தக் காத்து. அம்மிணி பயப்படுது. இல்ல கண்ணு, இல்ல. வாயத் தொற.

"வெச்சாச்சுங்க நங்கையா. சப்புக் கொட்டுது. இன்னும் வேணும்னு வாயத் தொறக்குது."