கொண்டைச் சூப்பும் கோயில் வெற்றிலையும்

கல்லடி,
2001 ஆனி.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறோம், அம்மா என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை, நீயும் அந்தக் குளிர் தேசத்தில் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கக் கண்ணகை அம்மாள் துணை நிற்க வேண்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், ஊரார் எழுதி நீ அறிவதைவிட நானே எழுதுவது மரியாதை. வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறந்து ஊர் முழுக்க மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரக்கறி தின்றுகொண்டிருந்த வாரத்தில் உன் அப்பாவாகிய நான் ஒளித்திருந்து சேவல் கொண்டைச் சூப்புக் குடித்து அகப்பட்டுப்போனேன்.

இதற்கு முதல் காரணம் நீதான் பிள்ளை. சித்திரையில் வந்த உன் கடிதத்தில் இரண்டரைப் பக்கத்துக்கு உன் ஆராய்ச்சி முயல்களைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ஒரேயொரு வரி, அப்பாவின் தொண்டை எப்படி என்று. எனக்கு அந்த முயல்களின் மேல் வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. முயலின் குரல்மடிப்பில் தழும்பாம், தழும்பு விழுந்த இடம் இறுகிப்போய் அலை மாதிரி அசைய மாட்டாதாம், அதனால் ஒரு பசையை ஊசியில் ஏற்றி அந்த இடம் மறுபடி இளகி வளருகிறதா என்று படித்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்க்கிறீர்களாம். முயல் எந்தக் கோயிலில் பாடப்போகிறது? தொண்ணூறாம் ஆண்டு துப்பாக்கிச் சன்னம் பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் தொண்டைக்குள் விட்ட குழாய் உயிரைத் தந்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டு போனது. அதற்கு முன்னர் ஒவ்வொரு வைகாசியும் அம்மாளின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்திப் பாட்டை நான்தான் பாடினேன், நீ சின்னப் பிள்ளையாய் மடியில் இருந்து கேட்டிருக்கிறாய். இப்போது நான் வேலை பார்க்கும் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் அடுத்த ஆள் வாங்கோ என்று நான் கூப்பிட்டால், யாரோ தேங்காய் துருவுகிறார்கள் என்று சனம் திரும்பிப் பார்க்கிறது. அன்று தொட்டு உன் அம்மாவின் தம்பி நல்லரத்தினம்தான் பாடுகிறான். அவன் பாடும்போது முன்வரிசையில் இருந்து தலையாட்டுகிறேனே, அது ரசிப்பில்லை, கழுத்துப் பிடிப்பு.

அந்தப் பசையைச் சேவல் கொண்டையிலிருந்தும் எடுப்பார்கள் என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். மனிதருக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ வருசம் செல்லும் என்றும் எழுதியிருந்தாய்தான், அந்த வரியை நான் கொஞ்சம் வேகமாய் வாசித்துவிட்டேன். ஏனென்றால் இந்த வைகாசியில் கடைசிப் பகுதியையாவது என்னைப் பாட விடுங்கள் என்று கோயில் பொறுப்புப் பார்க்கும் வண்ணக்கர் இளையதம்பி அண்ணனிடம் கேட்டிருந்தேன், அவரும் இரக்கப்பட்டு ஓம் என்றுவிட்டார். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. காத்தான்குடியில் கோழிக்கடை வைத்திருக்கிற அசனாரிடம் போய்ச் சேவல் கொண்டைகளைச் சேர்த்துத் தரச் சொன்னேன். விசயத்தைக் கேட்டுவிட்டு அவன், “கொண்டையத் திண்டாக் குரல் வருமெண்டா என்ட கடைப் பூனை இப்ப ரேடியோவில பாடிக்கிட்டு இருக்குமே நாயகம்” என்று சிரித்தான், ஆனாலும் தந்தான். மிளகும் உள்ளியும் போட்டு அவித்துக் குடித்தேன். மருந்துதானே, மச்ச மாமிசக் கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

வண்ணக்கர் வெற்றிலை வைத்துப் பாட அழைக்க வீட்டுக்கு வந்தார், கூடவே நல்லரத்தினமும் வந்தான். தட்டு என் கைக்கு எட்டுகிற நேரம் பார்த்து அசனார் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தி, “நாயகம், இன்னும் எட்டுக் கொண்டை கெடச்சிருக்கி, சூப்புக்குக் காணுமா?” என்று கேட்டான். பாவம், நல்ல மனதோடு வெயிலில் மிதித்து வந்தவன். என்ன சூப்பு தம்பி என்று வண்ணக்கர் கேட்க, நாய்க்கு என்றேன். உன் அம்மா உள்ளேயிருந்து, “எங்கட வீட்டில ஏது நாய்?” என்றாள். இத்தனை வருசக் குடித்தனத்தில் அவள் சொன்ன உண்மைகளில் இதைப்போல் ஒன்றும் என்னைச் சுட்டதில்லை. தொண்டைக்கு மருந்து என்று ஒப்புக்கொண்டேன். “மருந்தெண்டாலும் அம்மாளுக்கு முன்னால மச்சம் மச்சந்தான் தம்பி, மனசில ஒண்டும் வெக்காதீங்க” என்று வண்ணக்கர் சொல்லித் தட்டை அப்படியே பக்கத்தில் திருப்பினார். நல்லரத்தினம் அதை வாங்கிய வேகம் இருக்கிறதே, பசித்தவன் சோற்றுத் தட்டை வாங்குவான் அப்படி. போகும்போது, “அத்தான், நீங்க முன்னுக்கு வந்து இரிங்க” என்று ஆறுதல் வேறு. அன்று மூடிய வாயை உன் அம்மா திறக்கவில்லை.

ஆமிக் கெடுபிடியில் இரவுச் சடங்கு இப்போது நினைக்கவும் ஏலாது, பொழுதுபடச் சனம் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அதனால் பின்னேரமே குளிர்த்தி. அம்மா போனாள், நான் போகவில்லை. கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாவிக்கரையில் குந்தியிருந்தேன். ஒலிபெருக்கிக்கு முதுகு என்ன முகம் என்ன, அது தேடி வந்தது. முதலில் கொஞ்சம் கரகரத்தது, எனக்குச் சந்தோசம். பிறகு சத்தமே நின்றது, இன்னும் சந்தோசம். அதன் பிறகு எழும்பியது பார் ஒரு குரல், மகள், நல்லரத்தினத்துக்குள் இப்படி ஒன்று கிடந்ததை நான் அறியவேயில்லை. தோணியில் போன ஒருவன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டுக் கேட்டான். எனக்குப் பொறுக்கவில்லை, குறை தேடினேன், தேடினால் கிடைக்காதா? எடுப்பு மூக்கால் வருகிறது. அடி முடிகிற இடத்தில் வேண்டாத இழுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் குரலில் தானே சொக்கிப்போகிற திமிர், இந்தத் திமிருக்கு அம்மாள் எப்படிக் குளிருவாள் என்று வாய்விட்டே சொன்னேன். ஆனால் உனக்கு ஒளிப்பானேன், கண்ணால் தண்ணீர் ஓடியது. பொறாமையில்தான். கோயிலால் திரும்பி வந்த பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்கா, “இப்பிடிக் குரலக் கேட்டு எத்தின வருசம்” என்று மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்ல வந்தா, நான் வேலியில் ஓணான் பார்க்கிறவன் மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அந்தப் பசை மனிதருக்கு ஆகும் காலம் வந்தால் முதல் ஊசி எனக்கு. நல்லரத்தினம் மாமா கேட்டால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல். காலம் வராது என்றால் அதையும் மறைக்காமல் எழுது, இன்னொரு வைகாசிக்கு நான் இப்படி வெற்றிலைக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. உனக்குத் தடிமன் பிடித்தபோது பேராசிரியை அம்மா சூப் கொண்டுவந்து தந்தா என்று எழுதியிருந்தாய், அந்த வரியை அம்மா, என்னோடு கோபிக்க முன்னர், மூன்று தரம் வாசிக்கச் சொல்லிவிட்டு, உப்புப் போட்டிருக்க மாட்டா என்று மட்டும் சொன்னாள், அவளுக்கும் என் பொறாமை வியாதிதான். பாலத்துச் சோதனைச் சாவடியில் உன் கடிதத்தைப் பிரித்த சிப்பாய் முயல் படத்தைக் கண்டு சிரித்து என்னைக் கெதியாய் விட்டான், அந்த நன்றிக்காக முயல்களை மன்னித்துவிட்டேன், படம் வைத்தே எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, தனியே இருந்து அழாதே, அழுதால் எழுது. அம்மாவுக்கு வேறாய் ஒரு கடிதம் போட மறக்காதே, உன் எழுத்தைக் கண்டால்தான் அவள் கோபம் இறங்கும். அம்மாள் உன் கையையும் கண்ணையும் காத்து, தொட்ட வேலையைத் துலங்க வைக்கட்டும்.

உன் சுகமே நினைவாய் இருக்கும் அப்பா,
க. அருமைநாயகம்

பி.கு.: உறையை ஒட்ட முன்னர் கடிதத்தை அம்மாவுக்குக் கேட்க வாசித்தேன். மூக்கால் வருகிறது என்ற இடத்தில் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்துவிட்டாள். மாமாவுக்கு முதல் பாட்டிலேயே தொண்டை அடைத்துவிட்டதாம், மிச்சத்துக்கு ஒலிபெருக்கிக்காரர் எண்பத்தொன்பதாம் ஆண்டு குளிர்த்தியில் பிடித்த என் கசெட்டைப் போட்டாராம்.