கப்பல் தபால்தலையின் பின்பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

போன வாரம் அனுப்பிய போர்த்துகல் தபால்தலையை, அந்த நீலக் கப்பலை, காகிதம் உரிக்கத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். அது எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் பெரியவருக்கு வந்த உறையில் இருந்தது. உங்கள் ஆல்பத்தில் அது இல்லையே என்று, கேட்காமலே மூலையோடு கிழித்துக்கொண்டேன். கிழித்த துண்டின் பின்பக்கம் அவர் மகளின் புது முகவரி இருந்திருக்கிறது. ஆறு வருடக் கோபம் தணிந்து எழுதியிருக்கிறாள்.

“பதில் எங்க போடுறதுன்னு தெரியலையேப்பா” என்று குப்பைத்தொட்டியைக் கிளறினார். வாயைத் திறக்காமல் நானும் கூடச் சேர்ந்து தேடினேன், அப்பா.

நேற்றுதான் சொன்னேன். திட்டவில்லை. “உங்கப்பாவுக்குக் கப்பல் புடிச்சிருந்துச்சா?” என்று கேட்டார்.

முகவரியை உடனே எழுதி அனுப்புங்கள். கூடவே வீட்டு விஷயமும் நாலு வரி. ஏற்கெனவே நனைத்திருந்தாலும் மறைக்காதீர்கள். அதையும் அவரிடம் நானே சொல்ல வேண்டும்.

ஷிப்டுக்கு மணியடித்துவிட்டது.

உங்கள் மகன்