எடுத்துப் போடு

இராசபாளையம்
3.2.2024

மரியாதைக்குரிய மதினி பிச்சையம்மாள் அவர்களுக்கு,

உங்கள் நாத்தனார் பரிபூரணம் எழுதுவது. இங்கு நலம். அண்ணனுக்குத் தொண்டைப் புண் ஆறியதா? குரல்வளையை எடுத்தபின் சிலேட்டில் எழுதியே பேசுகிறார் என்றறிந்து மனம் கனத்தது.

மெதுவாக ஓடுகிறதென்று நீங்கள் அனுப்பிய மடிக்கணினியைச் சரிசெய்து, பேருந்து நடத்துநர் பால்சாமி வசம் தந்தனுப்பியுள்ளேன். புதிய வன்தட்டு வாங்கிய கடைக்காரன், "பொம்பளையாளுக்கு ஆகுற வேலையாக்கா இது?" என்றான். மின்கலத்தை முதலில் கழற்றி, பத்துத் திருகுகளையும் இட்லித் தட்டின் குழிகளில் வரிசை மாறாமல் இட்டு, கோப்புகளைச் சேமிக்கும் பழைய வன்தட்டை அகற்றிப் புதியதைப் பொருத்தினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் தானே கற்றுச் செய்தாள் என்று அண்ணனிடம் மறவாமல் கூறவும்.

"பழசுல கிடக்கிறதையெல்லாம் எடுத்துப் போட்டிரு" என்று நீங்கள் சீட்டில் எழுதியபடியே செய்தேன். பிறர் கையில் சிக்கலாகாது என்பதால் பழைய வன்தட்டைச் சுத்தியலால் உடைத்தேன். உள்ளிருந்த கண்ணாடித் தட்டுகள் பொடியாகிவிட்டன. கவலை வேண்டாம்.

அன்புடன்,
பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
5.2.2024

பூரணத்துக்கு,

லேப்டாப் வந்துச்சு. வேகமாத்தான் இருக்கு. ஆனா உள்ள ஒண்ணுமே இல்லையேட்டி! எடுத்துப் போடுன்னா பழசுல இருந்து எடுத்துப் புதுசுல போடுன்னுதானே அர்த்தம்?

ஆபரேஷனுக்கு முந்துன வாரம் உங்கண்ணன், அவியளப் பேச வச்சு அதுலதான் பதிஞ்சு வச்சிருந்தேன். பெருசா ஒண்ணுமில்ல. "ஏட்டி பிச்ச, குடைய எங்க வச்ச?"ன்னு கத்துனது, பேப்பர் வாசிச்சது, உன்னைய ஏசி வஞ்சதுகூட இருந்துச்சு. சாயந்தரமானா ரெண்டு பேரும் உக்காந்து கேப்போம்.

நேத்து லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து எம் முன்னால வச்சு, சிலேட்டுல "போடு"ன்னு எழுதிக் காட்டுதாவ. கரண்டு இல்லைன்னு சொன்னேன். தலைக்கு மேல ஃபேன் சுத்துது.

வேற எதுலயாவது காப்பி எடுத்து வச்சிருக்கியா? உடனே சொல்லு.

பிச்சை

இராசபாளையம்
7.2.2024

மதினி அவர்களுக்கு,

படி எதுவும் இல்லை. அண்ணனின் குரல் அதில் இருந்ததை நான் அறியேன். உங்கள் வேதனையில் பங்கு கொள்கிறேன்.

எனினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். 'எடுத்துப் போடு' என்றால் அகற்றி எறி என்பதே பொருள். குப்பையை எடுத்துப் போடு என்றுதான் சொல்கிறோம். 'படியெடுத்து வை' என்று எழுதியிருந்தால் இது நேர்ந்திராது. பிழை என் கையினுடையதன்று, சொல்லினுடையது.

இப்படிக்கு,
பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.2.2024

பூரணம்,

நீ எழுதுனது சரிதான். எனக்குத் தமிழ் அம்புட்டுத்தான். நாந்தான் தெரியாம அழிச்சிட்டேன்னு அவியகிட்டச் சொல்லிட்டேன். உம்பேர எடுக்கல. உடனே சிலேட்ட எடுத்து, "பூரணத்துகிட்டக் கேளு. அவளுக்குத் தெரியாததா"ன்னு எழுதுனாவ.

அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பிச்சை

இராசபாளையம்
10.2.2024

மதினி,

உடைக்குமுன் பழைய வன்தட்டில் இருந்தவற்றை நான் திறந்து பார்த்தேன். 'அவிய' என்று நீங்கள் பெயரிட்ட கோப்புறை ஒன்று இருந்தது. எறிவதா, மாற்றி வைப்பதா என்று அப்போதே ஐயம் எழுந்தது. கைபேசி பக்கத்திலேயே கிடந்தது. கேட்கவில்லை. கேட்டால் இவளுக்குத் தெரியவில்லை என்றாகிவிடும். அதற்கு அஞ்சினேன். அறியேன் என்று சென்ற கடிதத்தில் எழுதினேன். அறிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே உண்மை.

புதனன்று காலை வருகிறேன். நான் செய்ததை நீங்கள் சுமக்க வேண்டாம். அண்ணனிடம் நானே சொல்கிறேன். எனக்காக நீங்கள் ஒரு சொல்லும் பரிந்து பேசலாகாது. அவர் என்ன எழுதினாலும் முழுவதும் எழுதி முடிக்கட்டும். படித்துவிட்டே திரும்புவேன்.

பூரணம்