விலகிக்கொள்ளும் உரிமை

ஜனவரி 9

அன்புள்ள டீச்சருக்கு,

போன் செய்தால் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பிரித்தாவது பார்ப்பாய் என்று எழுதுகிறேன். கிழிப்பாய் என்பதும் தெரியும்.

சண்டை நடக்கும் ஊர்களில் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்த உன் கணவன் இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். தலை நரைத்த பிறகு மாணவன். மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை, கால் ஆடும் மேசை. பழைய தொட்டி வரைபடம் ஒன்றை மடித்து அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். என் வழிகாட்டி அம்மாள் என்னைவிட வயதில் சின்னவர். "சார், உங்க அனுபவத்தை ஓரமா வைங்க, ஆதாரம் கொண்டாங்க" என்கிறார்.

வேலையை ஏன் விட்டேன் என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். என்னோடு இருந்த டிரைவர் குண்டடிபட்டு இறந்தார். செய்தி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழவில்லை. "இத்தனை வருஷமா இந்தச் செய்திக்குத்தான் காத்துட்டிருந்தேன், உக்காருங்க" என்றார். உன் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தொட்டிகூடக் கட்ட முடியவில்லை.

என் ஆய்வு அதைப் பற்றித்தான்: நிவாரண வேலைக்குப் போகிறவர்களின் வீட்டில் காத்திருப்பவர்கள். இதுவரை பேசிய மனைவிமார் எல்லாரும் "பெருமையா இருந்துச்சு" என்கிறார்கள். நீ அப்படிச் சொல்லமாட்டாய். எழுதித் தருவாயா? ஒப்புதல் தாள் வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இது நமக்கும் ஒரு தொடக்கமாக இருக்கட்டும்.

இன்னும் உன் கணவன்

ஜனவரி 20

ஆராய்ச்சியாளர் ஐயாவுக்கு,

இத்தனை வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழகம் நல்ல பள்ளிக்கூடம்தான். தாளை ஒரு வரி விடாமல் படித்தேன். கணக்கு டீச்சர் இல்லையா. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பெருமையாக இல்லை. கோபமாக இருந்தது. இன்னும் ஆறவில்லை, நான் ஆறவிடவும் இல்லை.

ஊர் ஊராகக் குழாய் போட்டீர்கள். நம் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. அலுவலகத்திலிருந்து போன் வரும், பையைத் தூக்குவீர்கள். ஏன் நீங்கள், ஏன் இப்போது என்று கேட்டால், "காரணம் கேக்காதே, போகணும்" என்பீர்கள். வாதாடினால் பழமொழி: ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்.

தானே வளர்ந்த பிள்ளைக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். "சாருக்குச் சொல்லிட்டோம் மேடம், லீவும் குடுத்தோம். தொட்டி முடியட்டும், இப்ப வேண்டாம்னுட்டாரு" என்றார்கள். மறுவாரம் உங்களிடமிருந்து ஒரே வரி: பத்திரமாக இருக்கிறேன், கவலைப்படாதே. உங்களைப் பற்றி அப்போது யார் கேட்டார்கள்? குழந்தை பிழைத்தாள். ஒரு காது போயிற்று.

இன்னும் நிறைய இருக்கிறது. வாரம் ஒன்றாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பங்கேற்பாளர்

ஆகஸ்ட் 2

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதங்கள்தான் என் மூன்றாம் இயல். படித்துவிட்டு வழிகாட்டி அம்மாள் மூக்கைச் சிந்தினார். "சார், இதுதான் உங்க ஆய்வு. மத்த இயலெல்லாம் இதுக்கு முட்டுக் குடுக்கத்தான்" என்றார். எனக்கு உன் எழுத்தில் என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடு என்று எழுதுவதே சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறேன். பட்டம் வந்ததும் இங்கேயே விரிவுரையாளர் வேலை, இரண்டு அறை வீடு. நீயும் நம் மகளும் வந்து பாருங்களேன். பிடித்தால் இருங்கள்.

அதற்கு முன்னால் வாய்மொழித் தேர்வு நாளன்றாவது இருவரும் வரவேண்டும். முன்வரிசையில் இடம் சொல்லி வைத்துவிட்டேன். சின்னவளுக்கு வலது காது கேட்காதல்லவா? இடது காது மேடையைப் பார்க்கும்படி வலது ஓர நாற்காலி. இயலின் நகல் இத்துடன் இருக்கிறது. பிழை இருந்தால் உன் சிவப்பு மையில் திருத்து.

உன் கணவன்

ஆகஸ்ட் 6

ஐயா,

ஒப்புதல் தாளின் நாலாவது விதி: "ஆய்வேடு சமர்ப்பிக்கும்வரை பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அவர் தந்த எதுவும் ஆய்வேட்டில் இடம்பெறாது."

விலகுகிறேன்.

ஜனவரியில் அந்த விதியைப் பார்த்த பிறகுதான் கையெழுத்தே போட்டேன். காரணம் கேக்காதே, போகணும். அதை உங்களுக்குத் திருப்பிச் சொல்ல இவ்வளவு மரியாதையான வழி கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உங்கள் ஆய்வின் பாரம் முழுக்க என் தோளில் ஏறட்டும் என்றுதான் வாரம் தவறாமல் எழுதினேன்.

நடுவில் இளகினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் எழுதுவதை ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார் என்பது பழகிவிட்டது. நீங்கள் கூப்பிட்டதை வாசித்துக் காட்டியபோது, "போலாம்மா, பாவம், கூப்பிடுறாருல்ல" என்றாள் சின்னவள். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அதற்குள் அவள் கடிதத்தை வாங்கி மிச்சத்தைத் தானே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா சொன்ன எடத்துல உக்காந்தா, அப்பா பேசுறது ஒண்ணும் கேக்காதும்மா."

பெட்டியை அவளே மேலே ஏற்றிவிட்டாள்.

போனது இடது காது. இதைத் திருத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருத்துவதற்கு இனி அங்கே இயல் இல்லை. இத்தனை பக்கம் என்னிடம் வாங்கினீர்கள், எந்தக் காது என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை உங்களுக்கு.

சமையலறைக் குழாயை நானே மாற்றிவிட்டேன். இப்போது ஒழுகுவதில்லை.

நாங்கள் பத்திரமாக இருக்கிறோம். கவலைப்பட வேண்டாம்.

டீச்சர்