சேந்தி நிறுத்த வெண்கலம்

நீர்வளம் குன்றாத வெண்கோட்டு நாட்டின் பேரமைச்சர் ஆதன் குமிழியார், கடம்பாற்றுக் கோட்டைத் தலைவர் அத்திக்கோனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடிகளும் ஆற்றின் இருகரையும் நலமுறுக.

வெள்ளம் அறிவிக்கும் மணியை வார்க்கவேண்டிய வார்ப்புத்தலைவி சேந்தி, எம் ஆணையை மீறினாள் என்று உம்மால் விலங்கிடப்பட்டு, நேற்று முற்பகல் எம்முன் வந்து நின்றாள். பழைய விளக்குகளை உருக்கிய வெண்கலத்தையும் தாளங்களை உருக்கிய வெண்கலத்தையும் சரிபாதியாகக் கலக்கவேண்டும் என்பது எம் ஆணை. அவளோ விளக்கு வெண்கலம் நூறு துலாமும் தாள வெண்கலம் இருநூறு துலாமுமாக நிறுத்து வைத்திருந்தாள்.

காரணம் வினவினோம். எட்டு நாள் நடந்து வந்தவள், முற்றத்து மணலில் அமர்ந்து கோடு கிழித்தாள்.

"மணி கணீர்னு கேக்க அஞ்சுல ஒரு பங்கு வெள்ளீயம் வேணும், ஐயா. ஒரு துலாத்தை இருபது மாவாப் பிரிச்சா, அது நாலு மா. விளக்கு வெண்கலத்துல ரெண்டு மாதான் இருக்கு, ரெண்டு குறையுது. தாள வெண்கலத்துல அஞ்சு மா, ஒண்ணு மிகுது. ரெண்டு குறையுறதை ஒண்ணு நிரப்புமா?"

கணக்கரை அழைத்துப் பார்க்கச் செய்தோம். அவள் வழியில் முந்நூறு துலாத்துக்கு அறுபது துலாம் வெள்ளீயம் சேர்ந்தது. எம் வழியிலோ ஐம்பத்திரண்டரைதான். சென்ற ஆண்டு வெள்ளீயம் குறைந்த மணியின் ஓசை அக்கரையை எட்டாமல் பதினேழு பேர் நீரோடு போனார்கள் என்பதை நீர் அறிவீர். அவர்களுள் ஒருத்தி இவள் தங்கை என்பதை யாம் நேற்றுத்தான் அறிந்தோம்.

விலங்கை அகற்றச் சொன்னோம். அவள் முகம் தெளியவில்லை.

"விலங்கு கிடக்கட்டும், ஐயா. நான் இங்க நிக்கிற நேரத்துல அங்க சரிபாதியா ஊத்திடப் போறாங்க" என்று வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதலால் இவ்வோலையை அவளுக்கு முன்னே குதிரைவீரன் கொண்டுவருகிறான். அவள் பல்லக்கில் வந்து சேரும்வரை உலை மூட்டலாகாது. சரிபாதி கலக்கப் பணித்த எம் பழைய ஓலையை எரித்துவிடாமல் இதனுடன் ஒரே கயிற்றில் கட்டி வைக்க. பிழை யாருடையது என்பதைப் பின்வருவோர் அறியட்டும். கலவையும் வார்ப்பும் இனி அவள் சொற்படியே நடக்க. அவள் "ஊற்று" என்னுமுன் எவரும் உலோகத்தை ஊற்றலாகாது. யாமே நேரில் வந்து பணித்தாலும் அப்பணியைக் கேளாதீர்.

இது அரசர் திருமுன் படிக்கப்பெற்று, மீன்கொத்தி முத்திரை இடப்பெற்றது.