புள்ளி வைக்க மாட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஆபீஸில் சின்னச் சண்டை, பயப்படாதே.

நாங்கள் செய்யும் வெப்சைட்டில் குடும்பப் பெயருக்கு இரண்டு எழுத்தாவது வேண்டுமாம். அந்த இடத்தில் என் இனிஷியலைப் போட்டுப் பார்த்தேன்; உன் பெயரின் முதல் எழுத்து ஒன்றுதானே, ஏற்கவில்லை. மதுரைக்கார மேனேஜர் சொன்னார்: "கூட ஒரு புள்ளிய வச்சுட்டுப் போம்மா, எல்லாரும் அப்படித்தான் சமாளிக்கிறாக."

நரிக்குடியில் என்னைப் பள்ளியில் சேர்த்தபோது, "விட்டுட்டுப் போனவுக பேரு எதுக்கு? எம் பேரப் போடுங்க" என்றாயே. அது நினைவுக்கு வந்தது. டேட்டாபேஸிலிருந்து அந்த விதியையே எடுத்துவிட்டேன். இனி ஓர் எழுத்தும் அங்கே நிற்கும்.

கம்பு மாவு தீர்ந்துவிட்டது. பார்சலில் போடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா.

மேனேஜர் கூப்பிடுகிறார். விதியைத் திரும்பப் போடச் சொல்வார். போட மாட்டேன்.

உன் மகள்,
ச சுகப்பிரியா